குளிர்ப்பெட்டியில் யாருக்கு இடம்? புதிய தடுப்பூசிகளும் பங்கீட்டு அறமும்

தடுப்பூசிகளில் பெரும்பாலானவை குளிரில் மட்டுமே உயிர்ப்போடு இருப்பவை. தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும் நேரம் தொடங்கிக் குழந்தையின் தொடையில் இறங்கும் நொடி வரை அவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்குள் இருந்தாக வேண்டும். போலியோ சொட்டு மருந்து போன்ற சிலவற்றைப் பெரிய கிடங்குகளில் மைனஸ் 20 டிகிரியில் வைக்கிறார்கள். கிடங்கு, வண்டி, ஐஸ் பெட்டி, செவிலியர் தோளில் தொங்கும் கைப்பெட்டி என்று நீளும் இந்த ஏற்பாட்டுக்குக் குளிர்பதனத் தொடர் என்று பெயர். அதில் ஒரு கண்ணி அறுந்தாலும் மருந்து பயனற்றுப் போகும். ஆகவே தன் குழந்தைகளுக்குத் தடுப்பூசி தரக் கடமைப்பட்ட ஒரு சமூகம், அந்தக் குளிரையும் அதற்கான இடத்தையும் தரவும் கடமைப்பட்டிருக்கிறது.

இடமோ அளவுக்கு உட்பட்டது. புதிய தடுப்பூசி ஒன்று அட்டவணையில் சேரும்போது, ஏற்கெனவே இருப்பவற்றின் பக்கத்தில் அதற்கும் இடம் தர வேண்டியிருக்கிறது. இடம் போதாவிட்டால் எதை முதலில் வைப்பது, எந்த ஊருக்கு முதலில் அனுப்புவது, யாரைக் காத்திருக்கச் சொல்வது, நெருக்கடியின் சுமையை யார் தலையில் ஏற்றுவது என்ற கேள்விகள் எழுகின்றன. இவை பொறியாளரும் கிடங்குக் கண்காணிப்பாளரும் தீர்க்க வேண்டிய கணக்குகள் போலத் தோன்றும். ஒவ்வொரு விடையும் ஒரு குழந்தையின் உரிமையை முன்னே நிறுத்தி இன்னொரு குழந்தையின் உரிமையைப் பின்னே தள்ளுவதால், இவை அறவியல் கேள்விகளும் ஆகின்றன.

இடம் நிறைந்த விதம்

உலக சுகாதார நிறுவனம் 1974இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியபோது அதன் இலக்கு ஆறு நோய்கள்: காசநோய், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, இளம்பிள்ளை வாதம், தட்டம்மை. இந்தியா 1978இல் இத்திட்டத்தை ஏற்றது. 1985 முதல் அது அனைவருக்கும் தடுப்பூசித் திட்டம் என்ற பெயரில் நடக்கிறது. இன்று அதன் வழியே 12 நோய்களுக்குத் தடுப்பூசி தரப்படுகிறது. அவற்றுள் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஊசி மட்டும் அந்நோய் பரவும் மாவட்டங்களுக்கு உரியது. ஆண்டுக்கு இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் இத்திட்டத்தின் பயனாளிகள்.

நோய்களின் எண்ணிக்கை இரு மடங்கானால் இடத்தேவையும் இரு மடங்காகும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அது அதைவிட வேகமாக வளர்ந்தது. பழைய தடுப்பூசிகள் பத்து, இருபது டோஸ் கொண்ட குப்பிகளில் வந்தன. முத்தடுப்பு ஊசியின் ஒரு டோஸுக்கு, அட்டைப் பொதியையும் சேர்த்து, சுமார் 3 கன சென்டிமீட்டர் இடம் போதும், காசநோய்க்கான பி.சி.ஜி.க்கு அதைவிடக் குறைவு. ஒரு குழந்தைக்கான பழைய அட்டவணை முழுவதும் ஏறத்தாழ 20 கன சென்டிமீட்டரில் அடங்கிவிடும். நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி ஒற்றை டோஸ் குப்பியில் வந்தபோது ஒரு டோஸுக்குச் சுமார் 12 கன சென்டிமீட்டர் பிடித்தது. வாயில் புகட்டும் குழாயில் அடைத்த ரோட்டா வைரஸ் மருந்துக்குச் சுமார் 17 கன சென்டிமீட்டர் வேண்டும். முன்னதில் மூன்று டோஸ், பின்னதில் இரண்டு டோஸ் என்று கொண்டால், இவ்விரண்டு மட்டுமே 70 கன சென்டிமீட்டரைக் கேட்கின்றன. பழைய அட்டவணை முழுவதையும் போல மூன்றரை மடங்கு. ரோட்டா வைரஸ் மருந்தை 2006இல் முதன்முதலில் சேர்த்த லத்தீன் அமெரிக்க நாடுகள் சிலவற்றில் பொதியின் பருமனே பெரிய தலைவலியாகியது.

நெருக்கடி எல்லா மட்டத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இந்தியாவில் தடுப்பூசிகள் சென்னை, மும்பை, கொல்கத்தா, கர்னால் ஆகிய இடங்களில் உள்ள அரசு மருந்துக் கிடங்குகளிலிருந்து மாநிலக் கிடங்கு, மண்டலக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு வழியாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகின்றன. மேலே உள்ள கிடங்கில் இடம் போதாவிட்டால், ஆள் நுழையக்கூடிய குளிரறை இன்னொன்றைக் கட்டலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பதோ ஒரு குளிர்ப்பெட்டியும் ஒரு டீப் ஃப்ரீசரும். அங்கிருந்து கிராமத்துக்குக் கிளம்பும் செவிலியரின் கைப்பெட்டியில் நான்கு ஐஸ் பேக்குகளுக்கு நடுவே 16 முதல் 20 குப்பிகள்தான் கொள்ளும். மின்சாரம் விட்டு விட்டு வரும் ஊரில், வண்டி போகாத மலையில், வெள்ளம் சூழ்ந்த தீவில் இந்தக் கடைசிக் கண்ணிதான் முதலில் இற்றுப்போகிறது.

திருக்குறளின் வலியறிதல் அதிகாரம், எடையே இல்லாதது போன்ற மயிலிறகையும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று அரசனை எச்சரிக்கிறது. புதிய தடுப்பூசிகள் ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் நன்மை மட்டுமே செய்பவை. எதையும் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. அச்சின் வலியை அறியாமல் அடுத்தடுத்து ஏற்றும்போது, புதியதோடு பழையதும் சேர்ந்து கவிழ்கிறது.

கெட்டுப்போன மருந்தும் காக்கப்படாத நம்பிக்கையும்

இடநெருக்கடியால் வரும் தீங்கு இரண்டு வகை. மருந்து கிடைக்காமல் போவது ஒன்று. கெட்டுப்போன மருந்து கிடைப்பது மற்றொன்று. பின்னது கண்ணுக்குத் தெரியாததால் கொடியது.

தடுப்பூசி வெப்பத்தில் கெடும் என்பது பலருக்கும் தெரியும். ஹெபடைட்டிஸ் பி, முத்தடுப்பு, ஐந்து நோய்களை ஒரே ஊசியில் தடுக்கும் பென்டாவேலன்ட், நியூமோகாக்கல் ஆகியவை உறைந்தாலும் கெடும் என்பது அவ்வளவாகத் தெரியாது. அளவுக்கு மீறி அடுக்கிய குளிர்ப்பெட்டியில் காற்று சுற்றாது; கூடையில் இடம் கிடைக்காத குப்பிகள் பெட்டியின் அடியிலும் சுவரோரத்திலும் ஒட்டிக் கிடந்து உறையும். குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் வெப்பங்காட்டி, 1996இல் போலியோ சொட்டு மருந்தில் தொடங்கிப் பல மருந்துகளுக்கும் பரவிய அருமையான கருவி. ஆனால் அது பட்ட வெப்பத்தைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. அதைக் கண்டுபிடிக்கக் குலுக்கிப் பார்க்கும் தனிச் சோதனை வேண்டும். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, ஆராயப்பட்ட குளிர்ப்பெட்டிகளிலும் அனுப்பீடுகளிலும் 14 முதல் 35 விழுக்காடு வரை தடுப்பூசிகளை உறைநிலைக்கு ஆளாக்கியிருந்ததாகக் கணக்கிட்டது.

உறைந்து கெட்ட ஊசியைப் பெற்ற குழந்தைக்கும் ஊசியே பெறாத குழந்தைக்கும் உடலளவில் வேறுபாடு குறைவு, இருவருமே காப்பில்லாதவர்கள். அறத்தின் கண்ணில் வேறுபாடு பெரிது. ஊசி பெறாத குழந்தையின் தாய்க்குத் தன் பிள்ளை காப்பில்லாமல் இருப்பது தெரியும். அடுத்த முகாமுக்குத் தூக்கிச் செல்வாள். கெட்ட ஊசி பெற்ற குழந்தையின் தாய் பிள்ளையின் வலியையும் காய்ச்சலையும் பொறுத்துக்கொண்டு, காப்பு வந்துவிட்டது என்று நம்பி வீடு திரும்புகிறாள். அவளுக்கு யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அவளிடம் ஒரு பொய் சேர்ந்துவிட்டது. பின்னாளில் நோய் வந்தால், கெட்டது குளிர்ப்பெட்டி என்று அவள் எண்ண மாட்டாள். தடுப்பூசியே பொய் என்று முடிவு கட்டுவாள். ஊரும் அவளோடு சேர்ந்து அப்படியே முடிவு கட்டும்.

இஸ்லாமிய அறநெறியில் அமானிதம் என்ற கருத்து உண்டு. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை உரியவரிடம் சிதையாமல் சேர்ப்பிப்பது அதைக் கையேற்றவரின் கடமை. பொது நிதியில் வாங்கிய தடுப்பூசி ஒவ்வொன்றும் பிறந்த குழந்தைக்கு உரிய அமானிதம். ஆள்வோரின் வேலை பொருளைத் தேடுவதோடு முடியாது, காப்பதும் பங்கிடுவதும் அதே அளவு கடமை என்பதை அர்த்தசாஸ்திரமும் திருக்குறளின் இறைமாட்சி அதிகாரமும் சொல்கின்றன. புதிய தடுப்பூசியை வாங்கி அறிவிப்பது இவற்றுள் முதல் வேலை மட்டுமே. காக்கும் வழியில்லாமல் வாங்கியவர் கடமையின் ஒரு பகுதியைத்தான் செய்திருக்கிறார்.

எண்ணிக்கையின் அறம்

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எல்லாக் குளிர்ப்பெட்டியும் சரியாகும் வரை காத்திருந்தால், காத்திருக்கும் காலத்தில் சாகும் குழந்தைகளுக்கு யார் பொறுப்பு? உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2008ஆம் ஆண்டில் மட்டும் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கால் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 4,53,000 குழந்தைகள் இறந்தனர். அவர்களுள் ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் இந்தியக் குழந்தைகள். இத்தனை உயிர்களின் முன்னே குளிர்ப்பெட்டியின் கொள்ளளவைப் பேசுவது கொடுமையாகத் தோன்றும்.

தத்துவவாதிகள் பெந்தமும் மில்லும் வகுத்த பயன்வாதம் இந்த மறுப்புக்குத் துணை நிற்கிறது. மிகப் பலருக்கு மிகுதியான நன்மை தருவதே சரியான செயல் என்பது அதன் சாரம். நகரத்துக் கிடங்கில் இடம் இருந்தால், கடைக்கோடிக் கிராமத்துக்கு வழியில்லாவிட்டாலும், நகரத்தில் உடனே தொடங்குவதே சரி என்று அது கூறும். பொது சுகாதாரம் எண்ணிக்கையை விட்டுவிட முடியாது என்பதும் உண்மை. தொற்றுநோயைப் பொறுத்தவரை ஒருவர் பெறும் காப்பு பக்கத்து வீட்டாருக்கும் ஓரளவு காப்பாகிறது.

எண்ணிக்கை மட்டும் போதுமா என்ற ஐயத்தையும் தத்துவவாதிகள் எழுப்பியிருக்கிறார்கள். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டாரெக் 1977இல் எழுதிய கட்டுரை, ஐவரின் துன்பத்தைக் கூட்டி ஒருவரின் துன்பத்தோடு நிறுத்துப் பார்ப்பதே சரியா என்று கேட்டது. துன்பம் தனித்தனி மனிதருக்கே நேர்கிறது, கூட்டுத்தொகைக்கு நேர்வதில்லை என்பது அவர் வாதம். அதை முழுமையாக ஏற்போர் குறைவு. ஆனால் அதில் அடங்கிய எச்சரிக்கை தடுப்பூசித் திட்டத்துக்குப் பொருந்துகிறது. கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவருக்கு 90 விழுக்காடு என்ற எண் வெற்றியாகத் தெரியும். மீதி 10 விழுக்காடு எங்கே இருக்கிறது என்று அந்த எண் சொல்லாது. அந்தப் பத்து எல்லா ஊரிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. மின்சாரமும் சாலையும் இல்லாத அதே ஊர்களில், ஒவ்வொரு புதிய தடுப்பூசியின்போதும் திரும்பத் திரும்பக் குவிகிறது. நோயும் அங்கேதான் மிகுதி. வயிற்றுப்போக்கு வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட மருத்துவமனை இல்லாத ஊர்தான் குளிர்ப்பெட்டியும் இல்லாத ஊர்.

யார் முதலில்

புதிய தடுப்பூசியை நாடு முழுவதும் ஒரே நாளில் தொடங்குவது அரிது. படிப்படியாக விரிவாக்கும்போது முதல் படி எது என்பதில் இரண்டு நியாயங்கள் மோதுகின்றன: ஆயத்தமாக இருப்பவருக்கு முதலில் என்பது ஒன்று, தேவை மிகுந்தவருக்கு முதலில் என்பது மற்றொன்று. இந்தியா இரண்டையும் கையாண்டிருக்கிறது.

பென்டாவேலன்ட் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் தொடங்கியது. தடுப்பூசிப் பரவலும் கண்காணிப்பும் சிறந்திருந்த மாநிலங்களில் முதலில் நடத்திப் பார்த்து, பக்கவிளைவுகளைக் கவனித்து, பிறகு விரிவாக்குவது திட்டம். தொடங்கிய இடத்தில் தடுமாறாமல் இருந்தால்தான் மற்ற இடங்களில் நம்பிக்கை பிறக்கும் என்பது இதன் நியாயம். நியூமோகாக்கல் தடுப்பூசி 2017இல் வந்தபோது ஹிமாசலப் பிரதேசத்தோடு பீகார், உத்தரப் பிரதேச மாவட்டங்கள் சிலவும் முதல் வரிசையில் இடம் பெற்றன. பின்னைய இரண்டும் குழந்தை நிமோனியாவின் சுமை மிகுந்த மாநிலங்கள். இங்கே தேவை முன்னே வந்தது.

இரண்டு தடுப்பூசிகளும் நாடு முழுவதையும் எட்ட ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் பிடித்தன: பென்டாவேலன்ட் 2015இலும் நியூமோகாக்கல் 2021இலும். விலை, உற்பத்தி, நிதி, குளிர்வசதி எனத் தாமதத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் தொடக்க வரிசையை எந்த நியாயத்தால் அமைத்தாலும், வரிசையின் கடைசியில் நின்றவர் காத்திருந்த காலம் ஒன்றாகவே இருந்தது. எனவே முதலில் யார் என்ற கேள்வியோடு, கடைசியில் நிற்பவர் எவ்வளவு காலம் நிற்கிறார் என்ற கேள்வியையும் நீதி கேட்க வேண்டும்.

இதற்குத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாடு ஓர் அளவுகோல் தருகிறது. சமூகத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். ஆனால் அந்த ஏற்றத்தாழ்வே மிகவும் பின்தங்கியவரின் நிலையை உயர்த்த உதவினால்தான் அது நியாயமாகும் என்பது அவரது வேறுபாட்டு நெறி. இதைக் குளிர்ப்பெட்டிக்குப் பொருத்தினால் ஒரு தெளிவான விதி கிடைக்கிறது. வசதியுள்ள மாவட்டத்தில் முதலில் தொடங்கலாம். அந்தத் தொடக்கம் வசதியற்ற மாவட்டத்தை விரைவில் சென்றடைய வழி செய்வதாக இருக்க வேண்டும். முதல் மாவட்டத்தில் ஊசி போடும் காலத்திலேயே கடைசி மாவட்டத்தில் குளிர்ப்பெட்டி இறங்க வேண்டும். அங்கே தொடங்கும் நாளும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். நாள் குறிக்காத காத்திருப்பு மறுப்புக்குச் சமம்.

மலேரியா தடுப்பூசியில் இந்தக் கேள்வியை உலகம் வெளிப்படையாகவே எதிர்கொண்டது. கானா, கென்யா, மலாவி ஆகிய நாடுகளில் 2019இல் தொடங்கிய முன்னோட்டத்துக்குப் பின், 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முதல் மலேரியா தடுப்பூசியைப் பரிந்துரைத்தது. கேட்ட நாடுகள் பல. இருந்த டோஸ் சில. 2022இல் வகுக்கப்பட்ட பங்கீட்டு நெறி, நோய்ச்சுமையும் குழந்தை இறப்பும் மிகுந்த பகுதிகளுக்கு முதலிடம் தந்தது. அதன்படி 2023 முதல் 2025 வரை கிடைக்கவிருந்த 1.8 கோடி டோஸ்கள் 12 ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பகிரப்பட்டன. பங்கீட்டு அறம் பற்றி எழுதிய நார்மன் டேனியல்ஸும் ஜேம்ஸ் சாபினும் 1997இல் முன்வைத்த கருத்து இங்கே நினைவுக்குரியது. எந்தப் பங்கீடு சரி என்பதில் நல்லவர்களும் உடன்பட மாட்டார்கள். ஆகவே பங்கீட்டின் காரணங்கள் ஊரறியச் சொல்லப்பட வேண்டும், முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும் என்றனர் அவர்கள். தன் ஊருக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கும் தாய்க்கு மறைக்காமல் சொல்லக்கூடிய காரணம் இருந்தால்தான் அந்தப் பங்கீடு நேர்மையானது.

ஒரு குழந்தைக்காக ஒரு குப்பி

கிடங்கின் கணக்கு அறச்சிக்கலாக மாறும் இடம் முகாம் நடக்கும் அங்கன்வாடியின் திண்ணை. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி தூளாக வருகிறது. கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். முகாமுக்கு அந்த ஊசிக்குரிய ஒரே ஒரு குழந்தை வந்திருக்கிறது. குப்பியைத் திறந்தால் மற்ற டோஸ்கள் வீண். திறக்காமல் அடுத்த முறை வரச் சொன்னால், கூலி வேலையை விட்டு வந்த தாய் மீண்டும் வருவாளா என்பது உறுதியில்லை.

சேதத்தைப் பற்றிப் பேசும் அறிக்கை ஒரு பக்கம். எதிரே நிற்கும் குழந்தை மறுபக்கம். கண்முன் ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றும் உந்துதலை அறவியலாளர் ஆல்பர்ட் ஜான்சன் 1986இல் மீட்பு விதி என்று குறிப்பிட்டார். அந்த உந்துதல் சில வேளைகளில் பகுத்தறிவை மீறும் என்ற விமர்சனம் உண்டு. இங்கே அது பகுத்தறிவோடு ஒத்தே போகிறது. கொட்டப்படும் டோஸ்களின் விலை சிறிது; தவறவிட்ட குழந்தை தட்டம்மைக்குத் திறந்து கிடக்கும் வாசல். அதனால்தான் ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்று திட்டத்தின் நெறிகள் சொல்கின்றன.

நெறி இருந்தால் மட்டும் போதாது. திறக்கச் சொல்லும் நெறியைப் பின்பற்ற, கைப்பெட்டியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கூடுதல் குப்பிகள் இருக்க வேண்டும். கூடுதல் குப்பிக்கு இடம் வேண்டும். புதிய தடுப்பூசிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், செவிலியர் எண்ணி எண்ணி எடுத்துப் போவார்; திறக்கத் தயங்குவார். சேதத்தைத் தவிர்க்க ஒற்றை டோஸ் குப்பிக்கு மாறினால் இடம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். இப்படி மேலே திட்டமிட்டவர் தீர்க்காமல் விட்ட சிக்கல், படியிறங்கிப் படியிறங்கி, மிகக் குறைந்த அதிகாரமும் மிகுந்த வேலைப்பளுவும் உள்ள ஒருவரின் மனசாட்சியில் போய் நிற்கிறது. அவர் திறந்தால் சேதக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும். திறக்காவிட்டால் தன் மனத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். மேலே உள்ளவரின் முடிவுக்குக் கீழே உள்ளவரைப் பொறுப்பாக்குவது அநீதி. கைப்பெட்டியில் இடம் இருக்கும்போதுதான் செவிலியரால் தயக்கமின்றி இரக்கம் காட்ட முடியும்.

இயலாமை எங்கிருந்து வருகிறது

செய்ய இயலாததை ஒருவருக்குக் கடமையாக்க முடியாது என்பது தத்துவவாதி கான்டின் பெயரோடு இணைந்த நெறி. இடம் இல்லை, ஆகவே இப்போது புதிய தடுப்பூசி இல்லை என்ற முடிவு இந்த நெறியில் சாய்ந்து நிற்கிறது. ஆனால் இயலாமை எல்லாம் ஒரே வகை அன்று. இயற்கை விதித்த இயலாமை உண்டு. மனிதர் செய்த தேர்வுகளால் விளைந்த இயலாமையும் உண்டு. பின்னது கடமையிலிருந்து விடுவிக்காது. அந்த இயலாமையை நீக்கும் கடமையைத்தான் கூட்டுகிறது.

குளிர்பதன வசதியே இல்லாத காலத்திலும் தடுப்பூசி கடல் கடந்திருக்கிறது. 1803இல் ஸ்பெயினின் லா கொருன்யா துறைமுகத்திலிருந்து பிரான்சிஸ்கோ ஹவியர் தே பால்மிஸ் தலைமையில் கிளம்பிய கப்பல், பெரியம்மைத் தடுப்புப் பாலை 22 அனாதைச் சிறுவர்களின் உடலில் ஏற்றிச் சென்றது. ஒருவர் கையில் எழும் கொப்புளத்திலிருந்து அடுத்தவர் கைக்கு மாற்றி மாற்றி அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, பாக்தாத்திலிருந்து கைக்குக் கை மாறிப் பம்பாய்க்கு வந்த பெரியம்மைத் தடுப்புப் பால் மூன்று வயதுச் சிறுமி அன்னா டஸ்ட்ஹாலின் கையில் ஏறியது; இந்தியாவில் தடுப்பூசி பரவியது அங்கிருந்துதான். எண்ணற்ற உயிர்களைக் காத்த முயற்சிகள் இவை. கொண்டுசெல்லும் சுமை மட்டும் மறுக்க வாயற்ற பிள்ளைகளின் உடலில் ஏற்றப்பட்டது. வழங்கல் தொடர் ஒன்றில் சுமை எங்கோ ஓரிடத்தில் இறங்கியே தீரும். தடுக்க ஆளில்லாதபோது அது எளியவர் மேல்தான் இறங்கும்.

அந்தச் சுமையை எளியவரிடமிருந்து எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு மாற்றியது அறிவியல். லெஸ்லி காலியர் 1950களில் லண்டனில் செம்மைப்படுத்திய உறைய வைத்து உலர்த்தும் முறை, வெப்பத்தைத் தாங்கும் பெரியம்மைத் தடுப்பூசியைத் தந்தது. பெரியம்மை 1980இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதற்கு இது முக்கியக் காரணம். ஆப்பிரிக்காவின் மூளையுறைக் காய்ச்சல் பகுதிக்காகப் புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த மென்ஆஃப்ரிவாக், 2012இல் 40 டிகிரி வரையிலான வெப்பத்தில் நான்கு நாட்கள் வைக்க ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டே பெனின் நாட்டில் கடைசி மைல் ஐஸ் இல்லாமல் கடக்கப்பட்டது. நைஜர் நாட்டில் குளிர்பதனத் தொடர் இன்றி 25 டிகிரிக்குள் வைத்துச் சோதிக்கப்பட்ட இந்திய ரோட்டா வைரஸ் தடுப்பூசி, கடுமையான வயிற்றுப்போக்கைச் சுமார் 67 விழுக்காடு தடுத்ததாக 2017இல் முடிவு வெளியானது. நியூமோகாக்கல் தடுப்பூசியை நான்கு டோஸ் குப்பிக்கு மாற்றியதும் அதன் இடத்தேவை ஏறக்குறையக் கால் பங்காகச் சுருங்கியது.

அளவைக் குறைத்துப் பலருக்குப் பகிரும் வழியும் உண்டு. போலியோ ஊசி மருந்துக்கு 2016இல் உலகெங்கும் தட்டுப்பாடு வந்தபோது, இந்தியாவும் இலங்கையும் முழு டோஸில் ஐந்தில் ஒரு பங்கைத் தோலுக்குள் இரண்டு முறை செலுத்தும் முறைக்கு மாறின. ஒரு முழு டோஸைவிட அந்த இரண்டு சிறு டோஸ்கள் நல்ல எதிர்ப்பாற்றலைத் தந்தன. கருப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசிக்கு ஒரு டோஸே போதுமான காப்பு தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2022இல் கூறியதால், அதன் இடத்தேவையும் செலவும் பாதியாகின்றன. பகிர்வது என்றால் யாருக்கோ குறைப்பது என்ற எண்ணத்தை இவை திருத்துகின்றன.

இந்த மாற்றங்கள் தாமாக நிகழவில்லை, மனிதர் எடுத்த முடிவுகளால் வந்தவை. கொரோனா காலத்தில் மைனஸ் 70 டிகிரி கேட்ட தடுப்பூசியை ஏழை நாடுகள் பல கையாள முடியாமல் தவித்தபோது, 2 முதல் 8 டிகிரி போதுமான தடுப்பூசிகளைக் கொண்டே இந்தியா தன் திட்டத்தைப் பெரும்பாலும் நடத்தியது. எந்தக் குப்பி, எத்தனை டோஸ், எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பவை வணிக முடிவுகளாக விடப்படும்போது, பணக்கார நாட்டு மருத்துவமனைக்கு ஏற்ற ஒற்றை டோஸ் ஊசிக்குழல் உருவாகும். கடைசிக் கிராமத்தை மனத்தில் வைத்து எடுக்கப்படும்போது, வெப்பம் தாங்கும் சிறு குப்பி உருவாகும். கிராமத்துக் குளிர்ப்பெட்டியின் நெருக்கடி வடிவமைப்பாளரின் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது.

சேர்ப்பதற்கான நியாயம்

பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் 2009இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில், நிறுவனங்களும் விதிகளும் சரியாக அமைவதை நீதி என்றும், மனிதர் உண்மையில் அடையும் வாழ்வில் அது விளைவதை நியாயம் என்றும் வடமொழி மரபிலிருந்து பிரித்துக் காட்டினார். தடுப்பூசி அட்டவணை முதல் வகையைச் சேர்ந்தது. அரசாணை வெளியான நாளே அது முழுமையடைகிறது. குழந்தையின் உடலில் காப்பு உண்டாவது இரண்டாம் வகை. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்க வைப்பது கிடங்கும் வண்டியும் குளிர்ப்பெட்டியும் செவிலியருமே. இவற்றை ஆதரவுப் பணி என்று ஒதுக்கி வைப்பவர், நியாயத்தை அறிவிப்பாக மட்டும் விட்டுவிடுகிறார்.

இதுவரை கண்டவற்றிலிருந்து நான்கு முடிவுகள் பெறப்படுகின்றன. இடநெருக்கடியைக் காட்டிப் புதிய தடுப்பூசியை வரையறையின்றித் தள்ளிப்போடுவது தவறு. சாவுகள் அதுவரை காத்திருப்பதில்லை. இடத்தை உண்டாக்காமல் தடுப்பூசியைச் சேர்ப்பதும் தவறு. அது பழைய காப்பையும் மக்கள் நம்பிக்கையையும் சேர்த்து இழக்க வைக்கிறது. படிப்படியாகத் தொடங்குவது நியாயமாக வேண்டுமானால், கடைசி ஊருக்கான நாளும் குளிர்ப்பெட்டியும் முதல் நாளிலேயே உறுதியாக வேண்டும். காரணங்கள் வெளிப்படையாக இருக்க வேண்டும். நெருக்கடியின் சுமையைத் தாங்க வேண்டியவர்கள் தயாரிப்பாளரும் நிதி தருவோரும் திட்டமிடுவோரும். செவிலியரும் அவர்முன் நிற்கும் தாயும் அல்லர்.

ஒரு தடுப்பூசிக்கு நிதி ஒதுக்கும் அரசு, அதே ஆணையில், அதே கையெழுத்தில், அதற்கான குளிருக்கும் இடத்துக்கும் அதைச் சுமக்கும் ஊழியருக்கும் நிதி ஒதுக்க வேண்டும். புதிய தடுப்பூசி அறிவிக்கப்படும் நாளில் மக்கள் அதன் விலையைக் கேட்பதோடு நிறுத்தாமல், தங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை வைக்க இடம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.